மூப்பரின் மறு கன்னம்

தேவநேசன் அண்ணாச்சியின் அகிம்சைக்கு ராஜபாளையத்து வீட்டில் இரண்டு நாய்கள் காவல். போன வருஷம் அதில் ஒன்று தபால்காரரின் தொடையைப் பதம் பார்த்தது. அண்ணாச்சிக்குத் தொழில் பேண்டேஜ் துணி. பட்டாளத்து ஆஸ்பத்திரிகளுக்கு லாரி லாரியாகப் போகும். இப்பேர்ப்பட்ட மனுஷர்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சபைக்கு மூப்பராக இருந்துகொண்டு, லீவில் வந்த பட்டாளத்துக்காரன் வேதமணிக்குத் திருவிருந்து அப்பம் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னார்.

வேதமணி செய்த பாவம் இதுதான். காஷ்மீரில் பஸ்ஸை மறித்து, ஆட்களை இறக்கி, வரிசையாக நிறுத்தி நாலு பேரைச் சுட்ட ஒருத்தனை, ஐந்தாவது ஆள்மேல் துப்பாக்கி திரும்புவதற்குள் சுட்டுப்போட்டான். வந்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். போதகர் அருளப்பனிடம் போய், "ஐயா, அந்த மொகம் கண்ணவிட்டுப் போகமாட்டேங்குது, எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று கேட்டுவிட்டான். போதகர் மூப்பரிடம் சொன்னார். மூப்பர் ஊருக்கே சொன்னார்.

"சபைக்கு முன்னால முழங்கால் போட்டு, கொலை செஞ்சேன், மன்னியும்னு சொல்லணும் தம்பி. பொறவுதான் அப்பம்" என்றார் தேவநேசன். "நம்மளது மறு கன்னத்தக் காட்டுற மார்க்கமுல்ல."

"என் கன்னம்னா காட்டியிருப்பேன் அண்ணாச்சி. அடுத்தவன் கன்னத்த நான் எப்படிக் காட்ட?"

மூப்பர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேதமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூ, இதெல்லாம் ஒரு மூப்பர். மூட்டு வலி என்று ஜெபத்துக்கே நாற்காலி கேட்கிற ஆள், அடுத்தவனை முழங்கால் போடச் சொல்கிறார். ஆனாலும் திங்கட்கிழமை அவனுக்கு ரயில். அந்த அப்பத்தைத் தின்னாமல் மறுபடி அந்த மலைக்குப் போக அவனுக்குத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாளும் இல்லை.

அது 1998 மார்ச். கோயம்புத்தூரில் குண்டு வெடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த ஞாயிறு சபையில் அசனம், ஊர்ச் சாப்பாடு. பீடத்துக்கு முன்னால் காணிக்கைப் பொருட்கள் குவிந்து கிடந்தன. வத்திராயிருப்புத் தேங்காய், வன்னியம்பட்டிப் பூசணி, பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துச் சேர்த்த பிடியரிசி டின்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்குப் போகும்.

பாட்டு முடிந்து சபை மௌனமானபோது ஒரு டின் டிக் டிக்கென்றது. "பாம்" என்று யாரோ சொன்னதுதான் தாமதம், கோயில் காலி. முதல் ஆளாக வேப்பமரத்தடியில் நின்றவர் மூப்பர்.

"தம்பி, நீ பட்டாளத்துக்காரன். என்னன்னு போய்ப் பாரு."

"போலீசுக்குச் சொல்லுங்க அண்ணாச்சி. அதத் தொடக்கூடாது."

"மதுரையிலருந்துல்ல ஆள் வரணும். அம்புட்டு நேரம் தாங்குமா?"

கோயிலுக்குப் பின்னால் அசனத்துக்குக் காய் வெட்டிக்கொண்டிருந்த பெண்களை ஒரு பயலும் நினைக்கவில்லை. அதில் மூப்பரின் மனைவி தங்கபாயும் உண்டு. வேதமணிதான் சுற்றிக்கொண்டு ஓடி, எல்லாரையும் எழுப்பி விரட்டினான்.

"எந்த டின்னுய்யா?" என்றாள் தங்கபாய்.

"செவப்பு மூடி போட்டது, அக்கா."

"அட கூறுகெட்டதுகளா, அது எங்க டின்னு. ஏலத்துக்குன்னு ஒரு டைம்பீஸ் எடுத்தாந்தேன். பஸ்ஸுல கண்ணாடி ஒடைஞ்சிருமேன்னு அரிசிக்குள்ள பொதிச்சு வச்சேன்."

அவளே உள்ளே போய், முழங்கை வரைக்கும் அரிசிக்குள் கையை விட்டு, கடிகாரத்தை எடுத்துக் காட்டினாள். சபை இளித்துக்கொண்டே திரும்பி வந்தது.

மூப்பர் வேர்வையைத் துடைத்தார். "ஒன்னய மாதிரி ஆளுக இருக்கப்போயித்தான் நாங்க நிம்மதியா ஜெபம் பண்றோம் தம்பி." போதகர் பக்கம் திரும்பினார். "ஐயா, இவனுக்குத் திருவிருந்து குடுங்க. அந்த மன்னிப்பெல்லாம் வேண்டாம்."

வேதமணி அவரையே பார்த்தான். "அண்ணாச்சி, டின்னுக்குப் பதிலா ஒருத்தன் துப்பாக்கியோட நின்னிருந்தா, என்கிட்ட என்ன சொல்லியிருப்பீக?"

"சுடுன்னுதான் சொல்லியிருப்பேன். பின்னே?"

"அப்ப மன்னிப்பு வேண்டாம்னு சொல்லாதீக. எனக்கு வேணும். செத்தவன் மொகத்தப் பாத்தவன் நான். சுடச் சொல்ற நீங்களும் வாங்க, சேர்ந்தே முழங்கால் போடுவோம்."

அண்ணாச்சி முழங்காலைத் தடவினார். "எனக்கு மூட்டு வலின்னு ஒனக்குத் தெரியும்ல."

"வேப்பமரத்துக்கு ஓடையில மட்டும் வலிக்கலையாக்கும்" என்றாள் தங்கபாய்.

வேதமணி தனியாகப் பீடத்துக்கு முன்னால் போய் முழங்காலிட்டான். "கொலை செஞ்சேன்" என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி. "எவனாவது பஸ்ஸ மறிச்சா மறுபடியும் செய்வேன். அதுக்கும் சேத்து மன்னியும்."

கை முழுக்க அரிசித் தவிட்டோடு தங்கபாய் வந்து அவன் பக்கத்தில் முழங்காலிட்டாள். போதகர் முதலில் வேதமணிக்கும் பிறகு அவளுக்கும் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார்.

மூப்பர் நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஏலத்தை எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டார்.