வாசலில் நின்ற வண்டி

ஆட்டையாம்பட்டிப் பக்கத்தில், வீட்டுக்கு ஒருவர் வந்தால் அந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியே "வாங்க" என்று சொல்ல வேண்டும். ஒருவர் தவறினாலும் வந்தவர் மனம் நொந்துபோவார்.

காளியண்ணன் அப்படித்தான் தவறிவிட்டான். போன வருஷம் அவன் தங்கை சௌந்திரத்தின் மாமனார் பச்சமுத்துக் கவுண்டர் வேகாத வெயிலில் வந்து நின்றபோது, மனைவி பாப்பாயி வரவேற்றாள். அவனுக்கு வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது. கவுண்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனார். அன்றிலிருந்து சௌந்திரத்தைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பவில்லை.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில் நடக்க வேண்டும். கவுண்டர் சொல்லியனுப்பினார்: "வெள்ளிக்கெழமை நானே கூட்டிக்கிட்டு வாரேன். ஊட்டுக்காரன் வாயில இருந்து 'வாங்க'ன்னு வந்தா எறங்குவோம். இல்லாட்டி வண்டி திரும்பீரும்."

காளியண்ணன் காளிப்பட்டி முருகனிடம் போனான். "என் தலைக்கனத்தைக் குறை, ஆண்டவா" என்று ஒரு வருஷமாகக் கிருத்திகைதோறும் வேண்டி வந்தான். ஊரே அவனைத் தலைக்கனம் பிடித்தவன் என்றது; அவனும் நம்பிவிட்டான்.

கோயிலில், கூடப் படித்த சுவாமிநாதன் எதிர்ப்பட்டான். பள்ளிக்கூட வாத்தியார், பயிற்சிக்குச் சென்னை போய் மனோதத்துவம் படித்துத் திரும்பியவன். வந்ததிலிருந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் இனம் பிரித்துக்கொண்டிருந்தான். கோயில் காளையைக்கூட விடவில்லை.

"தலைக்கனமா? உனக்கா?" என்று சிரித்தான். "பேர் கூப்புட்டா 'உள்ளேன் ஐயா' சொல்ல முடியாம கையத் தூக்குனவன்தானப்பா நீ!"

"அப்பறம் ஏம்ப்பா எனக்கு வாய் வரமாட்டேங்குது?"

"சீமையில ஒரு டாக்டர் எழுதியிருக்கறாரு. சில பேரு மனசு வெளிவாசலப் பாத்துக்கிட்டே இருக்கும். நாலு பேரக் கண்டா அதுக்குக் கொண்டாட்டம். சில பேரு மனசு உள்பக்கமாத் திரும்பியிருக்கும். அதுக்கு நாலு பேரக் கண்டா மூச்சு முட்டும். ரெண்டும் பொறவி அமைப்புதான். தன்னைத் தாழ்வா நெனைக்கறவன் வெளிய முறைப்பாத் தெரிவான்னு இன்னொரு டாக்டர் சொல்றாரு. உள்பக்கம் திரும்புன மனசு, இந்த முறைப்பு, ரெண்டுமே உனக்குப் பொருந்துது."

காளியண்ணனுக்குச் சுமந்து சுமந்து பழகிய பாரத்தை யாரோ கை கொடுத்து இறக்கியது போல இருந்தது.

"அப்ப எம்மேல தப்பில்லைங்கற?"

"கர்வமில்லைன்னுதான் சொன்னேன். தப்பில்லைன்னு சொல்லல. அந்த மனுசன் வெயில்ல நின்னாரில்ல?"

அது சுருக்கென்று தைத்தது. இத்தனை நாளும் தன் கர்வத்தை நினைத்துத்தான் அழுதான். அந்தப் பெரியவரின் தாகத்தை ஒரு நாளும் நினைத்ததில்லை. மறுபடி சந்நிதிக்குப் போய் வேண்டுதலை மாற்றிக்கொண்டான். "வாய் வராவிட்டால் போகட்டும், ஆண்டவா. கை காலாவது ஓடட்டும்."

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் வண்டி வந்து நின்றது.

"வாங்க மாமா! வா சௌந்திரம்!" என்றாள் பாப்பாயி.

கவுண்டர் இறங்கவில்லை. காளியண்ணனையே பார்த்தார். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். அவன் சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டான்.

"பாத்தியா உன்ற அண்ணன?" கவுண்டர் மாட்டின் கயிற்றை இழுத்தார்.

"கொஞ்சம் இருங்க மாமா," என்றாள் சௌந்திரம். குரல் உடைந்திருந்தது.

காளியண்ணன் சொம்பு நிறையத் தண்ணீரோடு வெளியே வந்தான். சுடுமண்ணில் வெறுங்காலோடு வண்டிவரை ஓடி, இரண்டு கையாலும் நீட்டினான். பாதித் தண்ணீர் கவுண்டரின் வேட்டியில் சிந்தியது. கவுண்டர் அந்தக் கைகளைப் பார்த்தார்.

"கை ஏன் மாப்ள இப்புடி நடுங்குது?"

"பயமுங்க மாமா."

"என்னையக் கண்டா? என்ற மாடே என்னையக் கண்டு பயப்படறதில்லையே!"

சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். அவர் முகம் மேலே பார்த்திருந்த அந்த நேரத்தில் காளியண்ணனுக்கு வாய் திறந்தது.

"வாங்க மாமா."

கவுண்டருக்குப் புரையேறியது. இருமிக்கொண்டே சிரித்தார். "தண்ணியக் குடிச்சதுக்கப்பறம் கூப்படற ஆளை இப்பத்தான் பாக்கறேன்!" வண்டியிலிருந்து இறங்கி அவன் தோளைப் பிடித்தார். "இதைப் போயி ஒரு வருசமாக் கர்வம்னு நெனச்சுட்டனே சாமி."

"நீயும் வா சௌந்திரம்," என்றான் காளியண்ணன். இந்த முறை வார்த்தை தானாக வந்தது.

"எனக்குத் தண்ணி எங்கண்ணா?"

சொம்பு காலியாக இருந்தது. காளியண்ணன் மறுபடியும் உள்ளே ஓடினான்.