எட்டுக் குடம் மனத்தாங்கல்

என்னை முதலில் அவமதித்தது என் மச்சினன் இன்னாசிமுத்து. தன் மூத்த மகளின் கல்யாணப் பந்தியில், நான் சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை எடுத்த நேரத்தில் தோளைத் தொட்டு, "அத்தான், இது மாப்பிள்ளை வீட்டுப் பந்தி. கொஞ்சம் எந்திரிங்க" என்றான். கையில் சோற்றோடு எழுந்தேன். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அன்று உண்டான மனத்தாங்கலை எங்கள் வீட்டு விறகடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கவிட்டுக் காப்பாற்றி வந்தேன்.

எங்கள் ஊரில் மனத்தாங்கல் பச்சையாக மூன்று நாள்தான் தாங்கும். நாலாம் நாள் நீர் விடும். ஐந்தாம் நாள் அந்த ஆளைத் தெருவில் பார்த்தால் நம்மையறியாமல் சிரித்துவிடுவோம். அதனால் உப்புத் தடவிப் புகையில் போடுவார்கள். சூரை மீனைப் புகையிட்டு மாசிக் கருவாடு செய்கிற ஊர் என்பதால் புகையின் அருமை எல்லோருக்கும் தெரியும். எதிர்வீட்டு அந்தோணிப்பிச்சை மட்டும் சோம்பல்பட்டு, தன் தம்பி மேல் இருந்ததை ஃப்ரிட்ஜில் வைத்தார். ஒருநாள் முழுக்கக் கரண்ட் போயிற்று. இப்போது அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் முறுக்கு தின்கிறார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

போன தை மாதம் என் மனைவி பிரகாசி விறகடுப்பை இடித்துவிட்டு கேஸ் அடுப்பு வாங்கினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புகை நின்றது. ஒரு வாரம் கழித்து மனத்தாங்கலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. அன்றைக்கே மீன் சந்தையில் இன்னாசி எதிரே வந்தான். என் உதடு ஒரு பக்கமாக விரியத் தொடங்கியது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

கடற்கரையில் பொதுப் புகைக்கூடம் இருக்கிறது. அதை நடத்துவது இன்னாசி. அவன் மேல் உள்ளதை அவனிடமே கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. ஆகவே சொந்தமாக ஒன்று செய்ய முடிவெடுத்தேன்.

தவசிக்கனியின் வெல்டிங் பட்டறையில் ஒரு பழைய இரும்பு டேங்க் கிடந்தது. பஞ்சர் கடையில் காற்று அடைத்து வைத்திருந்த உருளை. நீளம் நாலடி, குறுக்கே இரண்டடி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கன அடிக் கணக்கு தெரியாது, குடக் கணக்கு தெரியும். தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். இருபத்திநாலு குடம் பிடித்தது.

"உள்ள தொங்கப் போறது எவ்வளவு, அண்ணாச்சி? அது தெரியாம நான் எதையும் வெட்ட மாட்டேன்" என்றார் தவசிக்கனி.

கோயில் அசன விருந்துக்குச் சோறு வடிக்கிற அண்டாவை வாங்கிவந்து, விளிம்பு வரை தண்ணீர் நிறைத்து, மனத்தாங்கலை உள்ளே முக்கினேன். எட்டுக் குடம் வழிந்தது.

"கல்யாணம் முடிஞ்சப்ப நாலு குடம்தான இருந்துச்சு?" என்றாள் பிரகாசி.

மீன் புகையில் பாதியாகிவிடும். இது இரண்டு மடங்காகியிருந்தது. அதை அப்படியே தவசிக்கனியிடம் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. மூணுல ஒரு பங்கு சரக்கு, ரெண்டு பங்கு புகை. அதுதான் அளவு" என்றார். "நெருப்புப் பெட்டி எட்டுக் குடம் வைப்போம். அதைவிடச் சின்னதா வச்சா விறகு மூச்சு முட்டிப் புகை கசக்கும். புகைபோக்கி நெருப்புக்கு எதிர்க்கோடியில. அப்பதான் புகை முழுசும் சரக்கைத் தடவிட்டு வெளிய போகும்."

புகைபோக்கிக்கு ஐந்து அங்குலக் குழாயில் நாலடி வெட்டினோம். அதன் ஒரு வாயை மூடி அளந்தேன். ஒரு குடம் பிடித்தது. நெருப்புப் பெட்டியின் அடியில் காற்றுக்கு ஒரு துவாரம், அதைத் திறக்கவும் மூடவும் ஒரு தகடு. டேங்கின் ஒரு முனையை அறுத்து, மனத்தாங்கலைக் கொக்கியில் மாட்டி உள்ளே தொங்கவிட்டு, முனையைத் திரும்பப் பற்றவைத்தோம்.

"கதவு எவ்வளவு, அண்ணாச்சி?"

"உப்புத் தடவக் கை போனா போதும்."

"வெளிய எடுக்கணும்னா?"

"எதுக்கு எடுக்கணும்?"

அதுவும் நியாயம்தான் என்று அவர் ஒரு சாண் கதவு வெட்டினார்.

வீட்டுப் பின்புறத்தில் வைத்து, புளிய விறகு போட்டு, மேலே தேங்காய் மட்டை அடுக்கி மூட்டினேன். முதல் நாளே புகை மெல்லிய நீலமாக வந்தது. நாலாம் நாள் கதவு வழியாகக் கைவிட்டு அழுத்தினேன். தேக்குக் கட்டை மாதிரி இருந்தது. எனக்குப் பழையபடி பசி எடுத்தது.

ஐந்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு இன்னாசி வந்தான்.

"அத்தான், நாலு நாளா உங்க புகை எங்க வீட்டுச் சோத்துல படியுது. ஒரு கவளம் வாயில வச்சதும் யாரோ தோளைத் தொட்டு எழுப்புற மாதிரி இருக்கு. கையில சோத்தோட எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறோம். சின்னப் பேத்தி இளைச்சுப் போனா. எடுத்துட்டு வாங்க, வாங்கிக்கிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒன்று நடக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

முறை இதுதான். தப்புச் செய்தவன் பகலில் வரவேண்டும். மனத்தாங்கலை அவன் இரண்டு கையிலும் வைக்கவேண்டும். அதன் கனத்தைத் தாங்கிக்கொண்டு அவன் "தப்புதான்" என்று சொல்லவேண்டும். ஒரு தப்புக்கு ஒரு முறைதான் அந்தச் சொல் வரும். பிறகு கடலில் போட்டுவிடலாம்.

கதவைத் திறந்தேன். இருவரும் உள்ளே பார்த்தோம். பிறகு கதவைப் பார்த்தோம்.

"இருபத்திநாலு குடம் அளந்தவருக்கு ஒரு கதவை அளக்கத் தெரியல" என்றாள் பிரகாசி.

தவசிக்கனியை வரவழைத்தோம். அவர் டேங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இறுகி இரும்போட ஒட்டிப்போச்சு. டேங்கை வெட்டினா உள்ள இருக்கிறதும் ரெண்டா வெட்டுப்படும். ரெண்டு மனத்தாங்கல் ஆயிரும். ஒரு தப்புக்கு இவர்கிட்ட ஒரு சொல்லுதான இருக்கு?" என்றார்.

"அப்ப நானே உள்ள போய்த் தாங்கிக்கிறேன்" என்றான் இன்னாசி.

வேட்டியை மடித்துக் கட்டினான். இரண்டு கையையும் தோள் வரை விட்டான், பிறகு தலையையும் நுழைத்தான். அவன் முதுகு மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளே கனத்தை ஏந்தியிருப்பான், முழங்கால் மடங்கியது.

நான் நெருப்புப் பெட்டிப் பக்கம் நின்றிருந்தேன். அவன் சொன்னான். சொன்னது எனக்குத் தெரியும், ஏனென்றால் டேங்க் ஒருமுறை அதிர்ந்தது. ஆனால் அந்தச் சொல் என் பக்கம் வரவில்லை. புகையோடு சேர்ந்து எதிர்க்கோடிக்குப் போய், குழாய் ஏறி, ஓட்டுக்கு மேலே போய்விட்டது. புகைபோக்கியின் அளவில் ஒரு குறையும் இல்லை.

கடற்காற்று அதைத் தெருவுக்குள் தள்ளியது. மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த மைக்கேலம்மா நிமிர்ந்து, "சரி விடு இன்னாசி, பரவாயில்ல" என்றாள். அந்தோணிப்பிச்சை கண்ணைத் துடைத்துக்கொண்டார். திருச்செந்தூர் பஸ் ஒரு நிமிடம் நின்றது. ஜன்னலோரம் இருந்தவர்கள் அவனை மன்னித்துவிட்டுப் போனார்கள்.

இன்னாசி தலையை வெளியே எடுத்தான். முகமெல்லாம் கரி.

"சொல்லிட்டேன், அத்தான்."

"எனக்கு வரல."

"ஊருக்கே கேட்டுச்சே!"

"ஊரையா பந்தியில எழுப்பின?"

அவன் திரும்பச் சொல்ல வாயைத் திறந்தான். சொல் வரவில்லை, கொஞ்சம் புகைதான் வந்தது. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அன்று மாலை உப்புத் தடவப் போனேன். டேங்கின் கதவு திறக்கவில்லை. உள்ளேயே அவன் பேசியதால், எல்லோருக்கும் முன்பு அந்த டேங்க் அவனை மன்னித்திருக்கிறது. இப்போது இன்னாசி தெருவில் போனால் கதவு தானாகத் திறந்து, அவன் மறைகிற வரை காத்திருந்து மூடிக்கொள்கிறது. இருபத்திநாலு குடம் தண்ணீர் சுமந்து ஊற்றி அளந்தவன் நான். என் கைக்கு மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது.

இன்றோடு மூன்று நாள். டேங்க் மேல் எனக்கு உண்டானதை அண்டாவில் முக்கிப் பார்த்தேன். அரைக் குடம் வழிந்தது. தவசிக்கனியிடம் சின்ன உருளை ஒன்று இருக்கிறது, ஒன்றரைக் குடம் பிடிக்கும். மதியத்துக்குள் முடித்துத் தருவதாகச் சொன்னார்.

"இதுக்குக் கதவு எவ்வளவு, அண்ணாச்சி?"

"கை போனா போதும்" என்றேன்.

இன்னாசிமுத்து எனக்கு இன்னும் ஒரு "தப்புதான்" தரவேண்டும்.