திறக்காத இடது காது

மலேசியாவின் மெர்சிங் துறையில் தீவுக்குப் படகு ஏறும்போதே பேட்ரிசியாவுக்குச் சளி பிடித்திருந்தது. தங்கை ஏஞ்சலாவிடம் அவள் சொல்லவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் ஏஞ்சலாவுக்கு லீவு கிடைப்பதே அபூர்வம். அம்மா இறந்த பிறகு இருவரும் சேர்ந்து கிளம்பிய முதல் பயணம் இது. யோங் பெங் வீட்டிலிருந்து காரை ஓட்டி வரும் வழியில் பேட்ரிசியா ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். மூக்கு திறந்தது. அது போதும் என்று நினைத்தாள்.

தீவில் டைவிங் கடை வைத்திருந்த மூர்த்தி, கரையோரம் நின்று இருவரின் முதுகிலும் காற்று சிலிண்டரை இழுத்துக் கட்டினார்.

"காது அடைச்சா கொஞ்சம் மேல வாங்க. மூக்கப் பிடிச்சு மெதுவா ஊதுங்க. அப்பவும் திறக்கலன்னா ஏறிடுங்க. ஃபோர்ஸ் பண்ணாதீங்க லா, கிழிஞ்சிரும்."

இருவரிடமும் டைவிங் லைசென்ஸ் இருந்தது. வழிகாட்டி வேண்டாம் என்று ஏஞ்சலா சொல்லிவிட்டாள்.

மணலில் நடந்து, மார்பளவு தண்ணீரில் கால் துடுப்புகளை மாட்டிக்கொண்டு, சரிவாக இறங்கும் அடித்தரையை ஒட்டி நீந்தினார்கள். நாலு மீட்டர் ஆழத்தில் பேட்ரிசியாவின் இடது காது அடைத்தது. மேலே ஏறினாள், ஊதினாள், விழுங்கினாள், தலையைச் சாய்த்தாள். வலது காது திறந்தது. இடது காதில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. ஏஞ்சலா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு 'இங்கேயே இரு, பார்த்துவிட்டு வருகிறேன்' என்று கையால் காட்டிவிட்டு, பவளப் பாறையின் விளிம்பைத் தாண்டிக் கீழே போனாள்.

அக்கா மேலேயிருந்து அவளுடைய மூச்சுக் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவை ஒழுங்காக வந்தன. திடீரென்று கொத்துக் கொத்தாகப் பொங்கின.

விளிம்புக்கு நீந்திப் போய் எட்டிப் பார்த்தாள். யாரோ விட்டுப்போன மீன்வலை ஒன்று பாறையில் சிக்கி விரிந்து கிடந்தது. ஏஞ்சலாவின் சிலிண்டர் குழாய் அதில் மாட்டியிருந்தது. பிடரிக்குப் பின்னால் இருந்ததால் அவளுக்கு எட்டவில்லை. கையில் கத்தி இருந்தும் காற்றில் வீசுவதுபோல வீசிக்கொண்டிருந்தாள். திமிறத் திமிற வலை இறுகியது.

பேட்ரிசியா மேல்மட்டத்துக்கு ஏறி மூச்சு வாங்கும் வாய்க்குழாயைப் பிடுங்கிவிட்டு, தமிழும் மலாயுமாக உதவி கேட்டுக் கத்தினாள். "மூர்த்தி அண்ணே! அண்ணே! தோலோங்! தோலோங்!" கரையில் ஒருவரும் இல்லை. கடைக்குள் காற்று நிரப்பும் இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. அங்கே நீந்திப் போய்த் திரும்புவதற்குள் தங்கையின் காற்று தீர்ந்துவிடும்.

மறுபடி இறங்கினாள். அதே ஆழத்தில் காது மறுபடி அடைத்தது. கொஞ்சம் ஏறி, ஊதினாள். இல்லை. ஊதினாள். இல்லை. மாதாவே, திற. இந்த ஒரு தடவை திற. கீழே ஏஞ்சலா முகத்தை உயர்த்தி அவளைப் பார்த்தாள். கத்தியை விட்டுவிடாமல் மற்றக் கையை மேலே நீட்டினாள்.

பேட்ரிசியா ஊதுவதை நிறுத்தினாள். தலைகீழாகத் திரும்பி, கால்களை அடித்து நேராகக் கீழே போனாள்.

வலி காதிலிருந்து பல்லுக்கும் கண்ணுக்கும் ஓடியது. வாய்க்குழாய்க்குள் அவள் அலறுவது அவளுக்கே கேட்டது. பிறகு தலைக்குள் ஏதோ பட்டென்று கிழிந்தது. வலி சட்டென நின்றது. அந்த இடத்தில் சில்லென்று தண்ணீர் நுழைந்தது.

உடனே கடல் சுழன்றது. மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. கைக்குப் பட்ட வலைக்கயிற்றைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடினாள். விடக்கூடாது, விடக்கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. அவளுடைய மணிக்கட்டைத் தங்கையின் விரல்கள் வந்து பிடித்தன. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாளோ, சுழற்சி மெல்லத் தணிந்தது. கண்ணைத் திறந்தபோது முகக்கண்ணாடிக்குள் இரத்தம் கலங்கியிருந்தது.

கத்தியை வாங்கினாள். பாதி தெரிந்தும் பாதி தடவியும் பிடரிக்குப் பின்னால் இழை இழையாக அறுத்தாள். ஏஞ்சலா தன் தொண்டையைக் கையால் வெட்டுவதுபோல சைகை காட்டினாள். காற்று தீர்ந்துவிட்டது. பேட்ரிசியா தன்னுடைய உபரி வாய்க்குழாயை அவள் வாயில் திணித்துவிட்டு, கடைசி இழையை அறுத்தாள். ஒருவரையொருவர் இறுகப் பிடித்தபடி மெதுவாக மேலே வந்தார்கள்.

கரையில் பேட்ரிசியா மணலில் கவிழ்ந்து வாந்தி எடுத்தாள். மூர்த்தி ஓடி வந்தார். "அலமாக்! காதுல ரத்தம் வருதே!" என்று பதறியவர், தானே படகை ஓட்டி இருவரையும் மெர்சிங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

படகில் ஏஞ்சலா கேட்டாள். "சளின்னு ஏன்கா சொல்லல?"

"சொன்னா நீ தனியாப் போயிருப்ப."

"தனியாத்தானே போனேன்." ஏஞ்சலா அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

செவிப்பறையின் ஓட்டை தானாக மூடவில்லை. ஜொகூர் பாருவில் அறுவை சிகிச்சை செய்தார்கள். ஓட்டை அடைபட்டது. கேட்கும் திறன் பாதிதான் திரும்பியது. காதுக்குள் ஒரு விசில் சத்தம் மட்டும் நிற்காமல் இருந்தது. ஏஞ்சலா லீவு போட்டுவிட்டு யோங் பெங் வீட்டில் வந்து தங்கினாள். கஞ்சி வைத்தாள், மருந்து ஊற்றினாள். ஆனால் தூக்கத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

ஒருநாள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள், திரும்பாமலேயே கேட்டாள்.

"அன்னைக்கு உன்னைக் கூப்பிட்டேன்கா. வாயில குழாயோட கத்தினேன். உனக்குக் கேட்டுச்சா?"

"இல்லடி," என்றாள் பேட்ரிசியா. "கேக்கல. உன் கையைத்தான் பாத்தேன்."