வாசற்படிச் சாக்கு

"அந்தக் கணக்க அவளுக்குச் சொல்லிக் குடுக்காத!"

தையல்காரி கத்திய வேகத்தில் மிஷின் ஊசி தையலை விட்டு விலகி ஓடியது. வெட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று பெண்களும் நிமிர்ந்தார்கள். நடுவில் இருந்தவள் தையல்காரியின் மகள், பாப்பா. மற்ற இருவர் பேக்கரிக்காரர் மகளும் நர்ஸ் மகளும். நாலாவது பெண் மட்டும் நிமிரவில்லை. அவளுக்கு மேஜையில் இடமில்லை. வாசற்படியை ஒட்டிப் போட்ட சாக்கின் மேல் உட்கார்ந்து, மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கட்டடத்தின் மாடிப்படிகளையும் சாக்கடையையும் கழுவுகிறவளின் மகள் அவள். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பதால் தோழிகள் வைத்த பெயர் ஏனம்மா. தையல்காரிக்கு அவள் வெறும் "அந்தப் பொண்ணு"தான். மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளரில் டீ, அந்தப் பொண்ணுக்குக் காது உடைந்த கோப்பையில். சாக்கு எதற்கு என்று கேட்டால், "மேஜையில துணி கெடக்கு, அழுக்காயிரும்ல" என்பாள். பேக்கரிக்காரர் மகள் கையெல்லாம் வெண்ணெயோடு வந்து அதே மேஜையில் சாயும்போது துணிக்கு ஒன்றும் ஆகாது, பாருங்கள்.

இத்தனை நாள் பொறுத்த தையல்காரிக்கு அன்றைக்கு ஏன் பொங்கியது? காலையில் மதிப்பெண் பட்டியல் வந்திருந்தது. பாப்பா முதல், அந்தப் பொண்ணு இரண்டாவது. நடுவில் மூன்றே மதிப்பெண். போன தடவை பதினேழு, அதற்கு முன்னால் நாற்பது. கடைசித் தேர்வில் முதலாவதாக வருகிறவளுக்கு மட்டும் மேல்படிப்பில் செலவில்லாத இடம். ஒரே இடம். சூடான இஸ்திரிப் பெட்டியை யாரோ அடிவயிற்றில் வைத்து எடுக்க மறந்ததுபோல் இருந்தது தையல்காரிக்கு.

தோழிகள் போன பிறகு பாப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"மண்டையில இருக்கறத எல்லாம் அள்ளி அள்ளிக் குடுத்துட்டு நீ என்னத்தடி வெச்சுக்கப் போற?"

"குடுத்தா கொறைய அது என்ன சீனியாம்மா?"

"நான் ஒரு புது மாடல் கத்துக்கிட்டா எதுத்த கடைக்காரிக்குக் காட்டுவேனா?"

"காட்டாததுனாலதான் உங்க ரெண்டு பேருக்குமே இன்னும் காலர் ஒழுங்கா உக்காரல."

தையல்காரிக்குச் சுருக்கென்றது. நாலு பேருக்கும் பொதுவாக ஒரு தடித்த நோட்டு உண்டு. பாடத்தை நாலாகப் பிரித்துக்கொள்வார்கள். அவரவர் பங்கைப் படித்து எழுதி, மற்ற மூவருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். மூன்று பேருக்கும் புரிந்தால்தான் பக்கம் திரும்பும். அந்த நோட்டைப் பிடுங்கித் துணி அலமாரியில் போட்டுப் பூட்டினாள். "இனிமே தனியா படி. இந்தப் பக்கம் யாரும் வரக் கூடாது."

மூன்று வாரம் பாப்பா தனியாகப் படித்தாள். மேஜை முழுக்க அவளுக்கே. படித்ததைக் கேட்க ஆளில்லை, எங்கே தப்பு என்று சொல்லவும் ஆளில்லை. அடுத்த பட்டியல் வந்தது. நாலு பேருக்குமே மதிப்பெண் இறங்கியிருந்தது. அதிகமாக இறங்கியது பாப்பா. மூன்றாவது இடம். அந்தப் பொண்ணு முதல்.

"நோட்டப் பாத்து என்னத்தத் திருடினாளோ!" என்று பொருமிக்கொண்டே தையல்காரி அலமாரியைத் திறந்து நோட்டைப் புரட்டினாள். கூம்பைப் பற்றிய ஒரு பக்கத்தில் கை நின்றது. பாப்பாவின் கையெழுத்தில் சிவப்பு மையால், 'எனக்கு இது சுத்தமா புரியல'. அதன் கீழே, மடியில் வைத்து எழுதியதால் கோணலாகிப்போன பென்சில் எழுத்து.

'ஆன்ட்டி குடைப்பாவாடை வெட்டும்போது பாரு. விரிச்சா வட்டத்துல ஒரு துண்டு, தைச்சா கூம்பு. துணி அதே துணிதான்.'

பக்கத்தில் குட்டியாக ஒரு பாவாடைப் படம்.

இருபது வருஷமாகப் பாவாடை வெட்டுகிறாள் தையல்காரி. அதற்குள் பாடம் இருக்கிறது என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. பெற்ற மகள் ஒரு நாள்கூட அவள் கத்தரியைக் கவனித்ததில்லை. வாசலில் உட்கார வைத்தவள் கவனித்திருக்கிறாள். நெஞ்சு இளகவில்லை. இன்னும் எரிந்தது.

"அந்தப் பாடத்துலதான்மா நான் நூத்துக்கு நூறு வாங்கினேன்," என்றாள் பின்னால் வந்து நின்ற பாப்பா. நோட்டை அம்மாவின் கையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"அந்த ஒரே எடத்த அவ தட்டிக்கிட்டுப் போயிட்டா என்னடி பண்ணுவ?"

"போகட்டும். தனியா படிச்சா நான் மூணாவது. அவகூடப் படிச்சா மொதலு, இல்லன்னா ரெண்டாவது. எது நல்லதுன்னு நீயே சொல்லு."

தையல்காரி மிஷினில் போய் உட்கார்ந்து ஊசியில் நூலைக் கோத்தாள்.

"அவள உள்ள கூட்டிட்டு வந்து மேஜையில உக்கார வைக்கட்டுமா?"

தையல்காரி மிஷினை வேகமாக ஓட்டினாள்.

"சரிம்மா." பாப்பா வெளியே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் நாலு பேரும் கடை வாசலுக்கு எதிரே மாடிப்படியில் உட்கார்ந்தார்கள், ஏனம்மாவின் அம்மா கழுவி, தண்ணீர் வடிந்திருந்த படி. உள்ளே தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினாள். சிரிப்புக் கேட்டது, பாடம் கேட்கவில்லை. எழுந்து வாசலுக்கு வந்தாள். நிற்கவும் கூச்சம், போகவும் மனமில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து வாசற்படியை ஒட்டி மெல்ல உட்கார்ந்தாள்.

சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த ஏனம்மா பேச்சை நிறுத்தித் திரும்பினாள். குரலில் குத்தலே இல்லை.

"அங்க உக்காந்தா பாதிதான் காதுல விழும் ஆன்ட்டி. எனக்குத் தெரியும். இங்க வாங்க."

நாலு பேரும் நெருங்கி உட்கார்ந்து படியில் ஓர் ஆளுக்கு இடம் விட்டார்கள். தையல்காரி குனிந்து தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். அந்தச் சாக்கு இவ்வளவு குத்தும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.