நாற்பத்தேழாம் தட்டு

நோயாளிகளின் ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்த்துமுடித்து, குப்பைக்குப் போகவேண்டிய தட்டுகளை ஆஸ்பத்திரி லேபில் சுமாலி பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒதுக்கிய தட்டை யாரும் மறுபடி பார்ப்பதில்லை. பழக்கதோஷம், ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தொலைத்தாள். நாற்பத்தேழாம் எண். புன்மா, நெல் விவசாயி, சர்க்கரை நோயாளி, விடாத காய்ச்சல். இரண்டாம் நாள் இதில் ஊசிமுனைப் புள்ளிகள்தான் இருந்தன. தோல் அழுக்கு கலந்துவிட்டது என்று அவளே எழுதித் தள்ளியிருந்தாள். இன்று நான்காம் நாள். புள்ளிகள் வற்றல் போலச் சுருங்கி, மடிப்பு மடிப்பாக உட்கார்ந்திருந்தன.

"அடிப்பாவி," என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சோதனைத் துளியை விட்டுக் கலக்கினாள். பால் திரிவது போலத் திரிந்தது. வயல் சேற்றுக் கிருமியேதான். வழக்கமான மருந்துக்கெல்லாம் மசியாது, இதற்கென்று உள்ள ஊசியைப் போடவேண்டும். மழை தொடங்கினால் தாய்லாந்தின் இந்த உபோன் பக்கத்தில் இது வரும் என்று பதினாறு வருஷமாக அவளுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு அறுபது ரத்தப் புட்டி பார்த்துக் களைத்த கண்ணுக்கு எல்லாமே அழுக்காகத்தான் தெரிகிறது, ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது? சர்க்கரைக்காரர்களின் எதிர்ப்புச் சக்தி இந்தக் கிருமியிடம் ஏன் தோற்கிறது என்ற ஆராய்ச்சிக்காக, அதே மனுஷனின் வெள்ளணுக்களை எவ்வளவு பக்குவமாகப் பிரித்து உறையவைத்திருந்தாள்! அவை பத்து வருஷம் உயிரோடு இருக்கும். நினைக்கவே வெட்கமாக இருந்தது.

வார்டுக்குப் போன் போட்டாள். நர்ஸ் பிரனோம் எடுத்தாள்.

"புன்மாவுக்கு ஊசிய மாத்தணும். தப்பு என்னோடதுதான்."

"காலையிலயே வீட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்கக்கா. உசுரு வீட்டுல போகட்டும்னு. நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும். நம்பரக் குடு."

புன்மாவின் மனைவி கம்லா எடுத்தாள். பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம், இறைச்சி கொத்தும் சத்தம். வந்தவர்களுக்குச் சமையல் நடக்கிறது போலிருந்தது.

"கம்லாக்கா, ஆஸ்பத்திரி லேப்லேருந்து பேசறேன். என்ன கிருமின்னு இப்பத்தான் தெரிஞ்சுது. வேற ஊசி இருக்கு. வேன் அனுப்பச் சொல்றேன், திரும்பக் கூட்டிட்டு வாங்க."

"இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"முந்தாநாளே தெரிஞ்சிருக்கணும். நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். மன்னிச்சிருங்கக்கா."

கம்லா யாரையோ சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள். பிறகு, "பொழச்சுக்குவாரா?" என்றாள்.

முதல் நாளே ஊசி போட்டும் செத்துப்போனவர்களைச் சுமாலி பார்த்திருக்கிறாள். பொய் சொல்லவும் அவளுக்குத் தெம்பில்லை. "தெரியலக்கா. போட்டுத்தான் பாக்கணும்."

"வீட்டுக்குக் கொண்டுபோன்னு அவருதான் என் கையப் புடிச்சிக் கெஞ்சினாரு. வந்ததும் சொந்தக்காரங்க எல்லாம் உசுரு அலையாம நிம்மதியா இருக்கட்டும்னு மணிக்கட்டுல நூல் கட்டிட்டாங்க. இப்பத்தான் முகம் தெளிஞ்சு படுத்திருக்காரு. மறுபடியும் தூக்குறோம்னு நான் எந்த வாயால சொல்றது? நீயே சொல்லு. காது நல்லாக் கேக்குது அவருக்கு."

"அக்கா, நான் எப்படி…"

கொத்தும் சத்தம் தூரமாகப் போனது. பாய் சரசரத்தது. பிறகு காதருகே ஒரு மூச்சு, இழுத்து, தடைப்பட்டு, மறுபடி வந்தது.

சுமாலி முக்காலியில் உட்கார்ந்தாள்.

"ஐயா," என்றாள். "என் பேரு சுமாலி."

அந்த மூச்சு ஒரு கணம் நின்று அவளுக்காகக் காத்திருந்தது.