கடல் வால்வு

நான் குள்ளம், ஒல்லி. அதனால்தான் எனக்கு இந்தத் தொழிலில் சோறு. உல்லாசப் படகுகளுக்கு ஏசி மாட்டுகிறவர்கள் பாதி நேரம் தரைப் பலகைக்கு அடியிலும், இன்ஜினுக்கும் சுவருக்கும் நடுவிலும்தான் கிடக்க வேண்டும். என் வீட்டுக்காரர் நல்ல மெக்கானிக். ஆனால் அவர் தொப்பை எந்தப் பொந்துக்குள்ளும் நுழையாது. மேலே நின்று மிஷினைத் தூக்குவதும் வயர் இழுப்பதும் அவர் வேலை, உள்ளே போவது என் வேலை. சின்ன வயசில் அண்ணன் எனக்கு வைத்த 'எலி' என்ற பெயரை இந்த மனுஷனும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வாடிக்கைக்காரர் முன்னால் அப்படிக் கூப்பிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று நாங்கள் வேலை செய்தது அண்ணன் படகில். அண்ணன் படகு என்றால் அவன் அதற்குக் கேப்டன், அவ்வளவுதான். முதலாளி வேறு. இதற்கு முன்னால் ஓட்டிய படகை அண்ணன் பாறையில் ஏற்றிவிட்டான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை, ஆனாலும் பேர் கெட்டது கெட்டதுதான். படகுத்துறையில் ஒருத்தரும் அவனை நம்பிச் சுக்கானைக் கொடுக்கவில்லை. கடைசியில் இந்த முதலாளிதான் கொடுத்தார். அண்ணி விட்டுப்போன பிறகு அண்ணன் படுக்கிறது, எழுகிறது, சட்டை காயப்போடுகிறது எல்லாம் இந்தப் படகின் முன்பக்கத்துச் சின்ன அறையில்தான்.

போன பயணத்தில் நடுக்கடலில் ஏசி செத்துப்போய், விருந்தாளிகள் சட்டையைப் பிழிந்துகொண்டு கரை சேர்ந்தார்கள். முதலாளி கத்தவில்லையாம். "அடுத்த தடவ நான் ஏறும்போது உள்ள சூடா இருந்துச்சுன்னா, நீ இறங்கிடு" என்று மட்டும் சொன்னாராம்.

அன்று சாயங்காலம் அவர் விருந்தாளிகளோடு தீவுக்குப் போக ஏறப்போகிறார். அதற்குள் பழைய மிஷின் வெளியே போய், புதுசு உள்ளே வந்து, குளிர்ந்திருக்க வேண்டும்.

"இது போச்சுன்னா எனக்கு வேற நாதி இல்ல எலி," என்றான் அண்ணன், நாங்கள் காலெடுத்து வைத்ததுமே.

"நீ கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருந்தாலே பாதி வேல முடிஞ்சிடும்," என்றேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தால் கோபம் இன்னும் அதிகமாகும். என் சுபாவம் அப்படி.

கெட்ட நேரம் புது மிஷினிலிருந்தே ஆரம்பித்தது. பழையதைவிட ஒரு விரல்கடை உயரம். ஹாலின் சோபாவுக்கு அடியில் இருந்த பெட்டிக்குள் போகமாட்டேன் என்று நின்றது. வீட்டுக்காரர் சோபாவின் அடிப்பலகையை ரம்பத்தால் அறுத்தார். முதலாளி ஆசையாகச் செய்த தேக்கு. அறுக்கிற ஒவ்வொரு இழுப்புக்கும் அண்ணன் தன் காலையே அறுப்பது போல முகத்தைச் சுளித்தான்.

"மச்சான், உட்கார்ந்தா மூடிடும், ஒருத்தரும் பாக்க மாட்டாங்க," என்றார் இவர்.

"யாரு உட்காரணும்னு நானா சொல்ல முடியும்?"

"என்ன மாதிரி ஒரு ஆள உட்கார வைங்க. அசைய மாட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனுக்கு வரவில்லை.

மத்தியானம் தாண்டி நான் இன்ஜின் அறைக்குள் இறங்கினேன். அடுப்புக்குள் இறங்கினது போல இருந்தது. படகு ஏசிக்குக் கடல் தண்ணீர் வேண்டும், அதுதான் மிஷினின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போகும். படகின் அடியில் ஒரு துளை, துளையின்மேல் ஒரு பித்தளை வால்வு, அதிலிருந்து ஒரு தடிமனான ஹோஸ், ஹோஸின் மறுமுனையில் பம்பு. ஹோஸைக் கழற்றுவதற்கு முன்னால் வால்வை மூட வேண்டும். மறுபடி மாட்டி, கிளிப்பை இறுக்கிய பிறகுதான் திறக்க வேண்டும். இடையில் திறந்தால் கடல் நேராக உள்ளே வரும்.

அந்த வால்வைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. பச்சை பூத்துப்போய் இருந்தது. அதை மாற்ற வேண்டுமானால் படகையே தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் வைக்க வேண்டும். அதற்கு நேரம் எங்கே?

வால்வு இன்ஜினுக்கு அந்தப் பக்கம், பம்பு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் அண்ணன் குந்தியிருந்தான், இந்தப் பக்கம் நான் மல்லாந்து கிடந்தேன். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

"நான் விடுன்னு சொன்னதும் தண்ணிய விடு," என்றேன்.

"சரி."

புதுப் பம்பின் மூக்கு பழையதைவிடத் தடிமன். ஹோஸ் ஏறவில்லை. சோப்புத் தண்ணீர் தடவினேன், முறுக்கினேன், வாயில் வந்த வசவையெல்லாம் அதன்மேல் கொட்டினேன். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. கொஞ்சம் மூச்சு விடலாம் என்று ஹோஸை வயிற்றின்மேல் போட்டேன்.

"எலி..." அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் குரல்.

"என்ன?"

"காலையிலேர்ந்து நீ ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல. பேரக் கெடுத்துக்கிட்டவன் நானு, இந்த வெக்கையில கெடந்து சாகுறது நீயி. உனக்கு ஒரு அண்ணனா நான் என்ன செஞ்சேன், சொல்லு?"

குரல் உடைந்திருந்தது. அவன் அழுது நான் கேட்டதே இல்லை, அண்ணி போன அன்றைக்குக்கூட. என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. நாள் முழுக்க அவனிடம் வள்ளென்று விழுந்த நான், முதல் தடவையாக மெதுவாகப் பேசினேன்.

"விடுண்ணே," என்றேன்.

அவன் விட்டுவிட்டான்.

கடல் என்மேல் கொட்டியது. ஒரு கணம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் "மூடு! மூடு! மூடுண்ணே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மூடுவதற்கு அவன் கைப்பிடியை இழுப்பது கேட்டது. வரவில்லை. பெரிய ஸ்பானரை எடுத்து மாட்டுவதும் கேட்டது. "வேணாம்ணே, மெதுவா!" என்று கத்துவதற்குள் படக்கென்று ஒரு சத்தம்.

"ஒடஞ்சிடுச்சு எலி! கைப்பிடி கையோட வந்துடுச்சு!"

என் முதுகுக்கடியில் தண்ணீர் ஏறியது. ஹோஸின் வாயை உள்ளங்கையால் அடைத்தேன், விரலிடுக்கில் பீய்ச்சியடித்தது. மேலே தரைப் பலகைத் திறப்பில் வீட்டுக்காரர் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். அவர் தோள்வரைக்கும்தான் உள்ளே வந்தது. "எலி, நான் இருக்கேன், இருக்கேன்," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இருந்து என்ன செய்ய? "ஸ்க்ரூடிரைவர் குடுங்க!" என்று அலறினேன். கொடுத்தார். ஹோஸைப் பம்பின் மூக்கில் வைத்து, நெஞ்சை முட்டுக்கொடுத்து, இரண்டு காலையும் இன்ஜினில் உதைத்து அழுத்தினேன். அழுதுகொண்டே அழுத்தினேன். கடவுளே, கடவுளே என்றுதான் வாயில் வந்தது. சோப்புப் போட்டும் மசியாத சனியன் அப்போது ஏறியது. கிளிப்பைத் திருகினேன். பீய்ச்சுவது நின்றது.

தண்ணீரை வெளியேற்றிவிட்டு டார்ச் அடித்து வால்வைப் பார்த்தேன். உடைந்த இடம் பித்தளை மஞ்சளாக இல்லை. செக்கச்செவேலென்று, உப்புத் தண்ணீர் தின்று உள்ளுக்குள் இற்றுப்போயிருந்தது. ஸ்பானர் நெம்பியதில் வால்வின் அடியிலும் ஒரு விரிசல். அங்கிருந்து சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தது. இனி அதை மூடவும் முடியாது, தொடவும் முடியாது. ரப்பர் பட்டையைச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிக் கட்டினேன்.

வீட்டுக்காரர் மேலே சுவிட்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் ஹாலில் குளிர் பரவியது. நனைந்த சட்டையோடு அண்ணன் காற்று வரும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

"மச்சான், இது ஒடஞ்ச கையில துணி சுத்தி விட்ட மாதிரி," என்றார் இவர். "கட்டிப் போட்ட படகுக்குத் தாங்கும். இன்ஜின் ஓடி, அலையில ஆட்டம் கண்டா தாங்காது."

"தீவு வரைக்கும்தான மாப்ள? நாளைக்குத் திரும்புனதும் தூக்கி வெச்சு மாத்திடறேன்."

"முதலாளிகிட்ட சொல்லிடுண்ணே," என்றேன்.

"என்னன்னு சொல்ல? படகுல ஓட்ட போட்டுட்டேன்னா? பாறையில ஏத்துனவன் இப்ப கட்டிப் போட்ட எடத்துலயே முழுகடிச்சான்னு ஊரெல்லாம் சிரிக்கவா?" என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "உன்னக் கும்பிட்டுக் கேக்கறேன். வாயத் திறக்காத. இத்தன கஷ்டப்பட்டது இதுக்குத்தான?"

இதற்குத்தான். அது உண்மை.

"சரி," என்று சொல்லித் தொலைத்தேன்.

முதலாளி வந்தார். கூட ஒரு குடும்பம், இரண்டு வாண்டுகள். அவர் ஹாலில் நுழைந்ததும் நின்றார், கையை விரித்துக் காற்றைப் பார்த்தார்.

"அட, இதான்யா ஏசி!" என்று அண்ணன் தோளில் தட்டினார். "பரவால்லியே, சொன்னபடி செஞ்சுட்டியே."

அண்ணன் சிரித்தான். எத்தனை நாளைக்கப்புறம் அந்தச் சிரிப்பு! வாண்டுகள் கீழே ஓடிப்போய் மெத்தையில் குதிக்கும் சத்தம் கேட்டது. அந்த மெத்தைக்கு அந்தப் பக்கச் சுவர்தான் இன்ஜின் அறை.

நாங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு இறங்கினோம். அண்ணன் மேலே சுக்கான் அறையில் ஏறி இன்ஜினைப் போட்டான். படகைச் சுற்றித் தண்ணீர் அதிர்ந்தது. "மாப்ள, கயித்தக் கழட்டுங்க!" என்று கத்தினான். இவர் குனிந்து கயிற்றில் கை வைத்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார், கழற்றவில்லை.

நான் பார்த்தது வேறு. படகின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துவாரம் உண்டு. அடித்தட்டில் சேரும் தண்ணீரைத் தானாக இறைத்து வெளியே கொட்டுகிற துவாரம். நாங்கள் ஒட்டத் துடைத்து, காய விட்டுத்தான் மேலே வந்தோம். இப்போது அதிலிருந்து தண்ணீர் கொட்டியது. நின்றது. மறுபடி கொட்டியது. இன்ஜின் போட்டதும் கட்டு நெகிழ ஆரம்பித்துவிட்டது.

சொன்னால் அவன் வேலை போச்சு, வீடும் போச்சு. சொல்லாவிட்டால்? ஒருவேளை தாங்கலாம். தாங்கிவிடும் என்று மனசு கெஞ்சியது. உள்ளே ஒரு வாண்டு ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்தி எனக்குப் பழிப்புக் காட்டியது.

"போகாதீங்க! படகுல ஓட்ட! உள்ள தண்ணி ஏறுது, எல்லாரும் இறங்குங்க!"

அது என் குரல்தான். துறை முழுக்கக் கேட்டிருக்கும்.

வாண்டுகளின் அம்மா பிள்ளைகளை வாரிக்கொண்டு ஓடிவந்தாள். முதலாளி மேலே நிமிர்ந்து, "கேப்டன், இந்தப் பொண்ணு சொல்றது நெசமா?" என்று கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். இல்லை என்று சொல்ல அவனுக்கு நேரம் இருந்தது. நானும் ஒரு நொடி அதற்கு ஆசைப்பட்டேன் என்றால் நம்புவீர்களா?

"ஆமா சார்," என்றான். இன்ஜினை நிறுத்தினான்.

முதலாளி அப்போதும் கத்தவில்லை. உள்ளே போனார், பார்த்தார், வந்தார். "சாமான எடுத்துக்க," என்று மட்டும் சொன்னார். படகைத் தூக்குவதற்கு யாருக்கோ போன் போட்டுக்கொண்டே நடந்தார். 'நான்தான் சார், விடுன்னு சொன்ன என் வாய்தான் சார்' என்று அவர் பின்னாலேயே ஓடினேன். அவர் திரும்பவே இல்லை.

அண்ணன் ஒரே ஒரு பையோடு இறங்கி வந்தான். காயப்போட்டிருந்த சட்டை அவன் தோளில் கிடந்தது. என் வீட்டுக்காரர் பையை வாங்கப் போனார், கொடுக்கவில்லை.

"நம்ம வீட்டுக்கு வாண்ணே," என்றேன். "எனக்கு உன் உயிர்தாண்ணே முக்கியம். வேல போனா போகட்டும்."

அவன் நின்றான். குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு எது முக்கியம்னு நீ கேட்டியா?"

கேட்கவில்லைதான். கேட்டிருந்தால் படகென்றுதான் சொல்லியிருப்பான்.