தட்டோடு போன தேங்காய்

லஸ் வக்கீல் கஸ்தூரிரங்கனுக்கு ராவ் பகதூர் பட்டத்தின்மேல் ஒரு கண். ஒரு கண் என்பது மரியாதைக்குச் சொன்னது. இரண்டு கண்ணும் அங்கேதான். சிபாரிசு எழுதவேண்டிய துரை தேநீருக்கு வர ஒப்புக்கொண்டதும், அடையாற்று பங்களாக்களில் பட்லராக இருந்த சாந்தோம் இக்னேஷியஸை இரண்டு நாளைக்கு அமர்த்திக்கொண்டார்.

வந்ததும் இக்னேஷியஸ் கேட்டது டிரே. தட்டு வேறு, டிரே வேறு என்று விளக்கமும் கொடுத்தான். தட்டில் சாப்பிடுவார்கள், தாம்பாளத்தில் சீர் வைப்பார்கள், டிரே என்பது பெரிய மனிதர் எதையும் பிறத்தியார் கையிலிருந்து நேரே வாங்காமல் இருப்பதற்கு. கடிதாசு, சோடா, மூக்குக்கண்ணாடி எல்லாம் அதில்தான் வரவேண்டும். அன்று மாலையே வக்கீல் தம் பொடி டப்பியைப் பித்தளைத் தட்டில் வரவழைத்துப் பார்த்தார். தும்மல் மட்டும் பழைய மாதிரியே வந்தது.

துரைக்குப் பித்தளை ஆகாது. பெண்ணைக் கொடுத்திருந்த தியாகராய நகர் சம்பந்தி வீட்டிலிருந்து வெள்ளித் தாம்பாளம் இரவல் வந்தது. மறுநாள் காலை அங்கே பெண்ணின் நாத்தனாருக்கு நிச்சயதார்த்தம். அதற்குள் திரும்பிவிட வேண்டும். ஒரு கரண்டி தாமதமாகப் போனதற்கே சம்பந்தியம்மாள் பெண்ணை மூன்று மாதம் குத்திக்காட்டியவள்.

தேநீர் நன்றாகவே நடந்தது. துரை இரண்டு போண்டா தின்றார். கிளம்பும்போது வக்கீலின் மனைவி செங்கமலம் வழக்கப்படி அந்தத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் வைத்து அனுப்பினாள். கஸ்தூரிரங்கன் இரு கையாலும் நீட்டினார். நம்மவராயிருந்தால் தேங்காயை எடுத்துக்கொண்டு தட்டை விட்டிருப்பார். துரை தட்டோடு வாங்கிக்கொண்டு, மெத்த சந்தோஷம் என்று சொல்லி, காரில் ஏறிவிட்டார்.

வக்கீல் பட்லரைப் பார்த்தார்.

"நான் கேக்கமாட்டேன் எஜமான். கேட்டா அப்பால அடையாத்துல எனக்கு இன்னா வேலை கீது?"

கதவுக்குப் பின்னாலிருந்து செங்கமலத்தின் குரல் வந்தது. "ஏன்னா, பட்டம் போனாப் போறது. நாளைக்கு அந்தாத்துல நின்னுண்டு பதில் சொல்லப்போறது நம்ம கொழந்தை."

பஞ்சகச்சம் தடுக்கத் தடுக்க ஓடினார். டிராம் குறுக்கே நின்றதால் லஸ் முனையில் கார் அகப்பட்டது. ஐகோர்ட்டில் மூச்சுவிடாமல் கொட்டும் இங்கிலீஷ் அங்கே ஒரு சொல்கூட உதவிக்கு வரவில்லை. காருக்குள் கையை நீட்டித் தாம்பாளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். துரைக்குப் புரிந்தது, காது சிவந்தது. தேங்காயையும் பழத்தையும் தம் தொப்பிக்குள் கவிழ்த்துக்கொண்டு, தட்டைக் கொடுத்துவிட்டு, காரை விடச் சொன்னார்.

தலைப்பாகையும் கோட்டும் கையில் வெறுந்தட்டுமாக வக்கீல் நடுத்தெருவில் நின்றார். மீன்கூடையோடு வந்த தேசம்மா என்கிற கிழவி, எந்தக் கோயில் வசூல் என்று விசாரித்தாள். மடியிலிருந்து காலணாவை எடுத்துத் தட்டில் போட்டாள்.

"மூஞ்சி ஏன் சாமி இப்டி கீது? நல்லா நடக்கும், போ."

அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வீட்டுப் பக்கமே திரும்பாமல் தியாகராய நகருக்கு ஜட்கா பிடித்தார். தட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். வழியில் இன்னொரு துரை எதிர்ப்பட்டால் என்ன செய்வது?